டீக்கடை வாசலும் சட்டத்துக்குள்தான்!

பொது இடங்களில் புகைக்கத் தடை வந்து பதினேழு ஆண்டுகள் தாண்டிவிட்டன. வீடுகளில் புகை குறைந்தது. வேலை செய்யும் இடங்களில் அசையவே இல்லை. என்ன காரணம்?

காலை ஆறரை மணிக்குச் சென்னையின் ஏதாவது ஒரு தெருமுனை டீக்கடையில் போய் நின்று பாருங்கள். பாய்லருக்குப் பின்னால் மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருப்பார். வாசலில் ஏழெட்டுப் பேர். அதில் நாலைந்து பேர் ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் சிகரெட்டோடு நிற்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நைலான் கயிற்றில் கட்டிய லைட்டர் தொங்கும். ஒரு தலைமுறைக்கு முன்னால் அதே இடத்தில் தேங்காய் நார்க் கயிறு நாள் முழுக்கக் கனிந்துகொண்டிருந்தது. பால் பாக்கெட் வாங்க வந்த பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீதிச் சில்லறைக்குக் காத்திருப்பார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த நர்ஸ், ஸ்கூல் வேனுக்கு நிற்கும் பிள்ளை என எல்லோரும் ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். மாஸ்டரால் நகர முடியாது. விடியுமுன் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை அவருக்கு அந்த இரண்டடி இடம்தான். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவராக இருந்தாலும் ஊர்ப் புகையெல்லாம் அவருக்குத்தான்.

இந்தக் காட்சியில் சட்டவிரோதமாக என்ன இருக்கிறது என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். வாசல் என்றால் தெரு, தெருவில் தம் அடிக்கத் தடை ஏது என்பார்கள். அதில் பாதிதான் சரி. ‘கோட்பா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், பொது இடம் என்பதில் திறந்தவெளியைச் சேர்க்கவில்லை. ஆனால், அந்தச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உணவோ பானமோ அங்கேயே உட்கொள்ளத் தரும் இடம், எந்தப் பெயரில் நடந்தாலும் அது உணவகம்தான் என்கின்றன விதிகள். அதைச் சுற்றியுள்ள திறந்தவெளியும் உணவகத்தில் சேர்த்தி. காபி கடை, கேன்டீன், பார் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. அதாவது, நின்றபடி டீ குடிக்கும் அந்த வாசல் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. அந்த லைட்டரும் தப்பு. பொது இடத்தில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் என்று புகைக்க வசதி செய்யும் எதையும் தரக்கூடாது என்பது தனி விதி.

கடைக்காரருக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களும் பல நேரம் அதே வாசலில்தான் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கேரளத்தில் தொடங்கிய வழக்கு

பொது இடத்தில் புகைப்பது தனிமனிதர் விருப்பம் என்ற எண்ணம் இந்தியாவில் சட்டப்படி உடைந்தது 1999 ஜூலை 12 அன்று. அடுத்தவர் விடும் புகையைச் சகிக்க வேண்டியிருப்பதை எதிர்த்துப் பொதுமக்கள் தொடுத்த வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் ஏ.ஆர்.லட்சுமணன், கே.நாராயண குரூப் அமர்வு அதை விசாரித்தது. முன்னவர் நம் தேவகோட்டைக்காரர். பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனவர். பொது இடத்தில் புகைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்கு எதிரானது என்று அமர்வு தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அதன் கருவி. புதுச் சட்டம் வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் பொதுத் தொல்லைக்கு இருந்த பழைய பிரிவுகளை எடுத்து, புகைக்கும் இவை பொருந்தும் என்று சொல்லிவிட்டது.

அடுத்து உச்ச நீதிமன்றம். மும்பை அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2-ஆம் தேதி மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பஸ், ரயில் எல்லாவற்றிலும் புகைக்கத் தடை வந்தது. தமிழகம் 2002-லேயே பொது இடத்தில் புகைப்பதையும் துப்புவதையும் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 2003-ல் கோட்பா வந்தது. 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 விதிகள் வந்தன. சிகரெட் கம்பெனியும் ஹோட்டல் முதலாளிகளும் தடை கேட்டு நீதிமன்றம் போனார்கள். அமலுக்கு வர சில நாட்களே இருந்த நிலையில் உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்துவிட்டது.

அன்புமணி பெயர் வந்ததும் நம் ஊரில் பேச்சு சினிமாவுக்குத் தாவிவிடும். 2002-ல் ‘பாபா’ வந்தபோது ரஜினியின் சிகரெட்டை எதிர்த்து பா.ம.க. நடத்திய போராட்டம், 2018-ல் ‘சர்கார்’ முதல் போஸ்டரில் விஜய் வாயில் இருந்த சிகரெட், அதற்குப் பொதுச் சுகாதாரத் துறை அனுப்பிய நோட்டீஸ், போஸ்டர் நீக்கம் என்று ஊருக்கே தெரிந்த கதை அது. திரையில் புகை வரும்போது ஓரத்தில் எச்சரிக்கை வரி ஓடுவதும், படத்துக்கு முன்னால் புகையிலை எச்சரிக்கை விளம்பரம் வருவதும் இப்போது யாருக்கும் புதிதில்லை. அந்தப் போராட்டங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஹீரோ பற்றவைப்பதைப் பார்த்துப் பற்றவைத்த தலைமுறை ஒன்று இருக்கிறது. ஆனால், போஸ்டர் சண்டை ஒரு வாரம் தலைப்புச் செய்தியாக ஓடும். டீ மாஸ்டரின் நுரையீரல் எந்த நாளும் செய்தி ஆனதில்லை.

வீட்டில் குறைந்தது, வேலையிடத்தில் இல்லை

மத்திய அரசு நடத்தும் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இரண்டு முறை நடந்திருக்கிறது. முதலாவது 2009-10; இரண்டாவது 2016-17. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விசித்திரம் தெரியும். வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்ன பெரியவர்கள் முதல் கணக்கில் 52.3 சதவீதம். இரண்டாவதில் அது 38.7 சதவீதமாக இறங்கியது. கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் வேலையிடத்தில் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னவர்கள் முன்பு 29.9 சதவீதம், பின்பு 30.2 சதவீதம். ஏழு வருடத்தில் ஒரு துளிகூட இறங்கவில்லை.

கவனியுங்கள், வீட்டுக்குச் சட்டம் கிடையாது. எந்தப் போலீஸும் படுக்கையறைக்கு வந்து அபராதம் போடுவதில்லை. அங்கே குறைந்ததற்குக் காரணம், “பிள்ளை இருக்கான், மொட்டை மாடிக்குப் போங்க” என்று சொல்லும் மனைவிகள், மூச்சு இளைக்கும் அம்மாக்கள், பள்ளியில் படித்துவிட்டு வந்து அப்பாவின் பாக்கெட்டை ஒளித்துவைக்கும் பிள்ளைகள். பொது இடத்தில் தடுத்தால் ஆண்கள் வீட்டுக்குள் வந்து புகைப்பார்கள், கஷ்டப்படுவது பெண்களும் குழந்தைகளும்தான் என்று தடைக்கு எதிராக ஒரு வாதம் உண்டு. இந்த எண்களுக்கு முன்னால் அந்த வாதம் நிற்காது. சட்டம் உள்ள வேலையிடத்தில்தான் எதுவும் நடக்கவில்லை. ஏனென்றால் அங்கே ‘வெளியே போங்க’ என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. முதலாளி புகைக்கும்போது கணக்குப்பிள்ளை என்ன சொல்வார்? கஸ்டமர் பற்றவைக்கும்போது சர்வர் என்ன சொல்வார்?

அடுத்தவர் புகை ஆளைக் கொல்லுமா என்ற கேள்வியும் ஒரு காலத்தில் வீட்டிலிருந்துதான் எழுந்தது. ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவர் எவ்வளவு புகைக்கிறாரோ அந்த அளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறியது என்று 1981-ல் வெளியிட்டார். சிகரெட் கம்பெனிகள் அவர் கணக்கையே தப்பு என்று நிறுவ எவ்வளவோ முயன்றன. முடியவில்லை. 2006-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, அடுத்தவர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று முடித்துவைத்தது.

கம்பெனிகளுக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. வேலையிடத்தில் முழுத் தடை வந்தால் அங்கே உள்ளவர்கள் சராசரியைவிட 11 முதல் 15 சதவீதம் குறைவாகப் புகைக்கிறார்கள், விட்டுவிடுபவர்களும் மிக அதிகம் என்று பிலிப் மோரிஸ் கம்பெனியின் உள்ளாவணம் ஒன்று 1992-லேயே கணக்குப் போட்டிருந்தது. நீதிமன்ற வழக்குகளால் அந்த ஆவணங்கள் பிறகு வெளியே வந்தன. புகைக்காதவரைக் காப்பாற்றப் போடும் தடை, புகைப்பவரையும் விடவைக்கிறது. அவர்கள் பயந்தது இதற்குத்தான்.

யாரைப் பிடிக்க வேண்டும்?

நம் சட்டத்தின் அமலைப் பற்றிக் கேட்டால், இத்தனை பேரிடம் இவ்வளவு அபராதம் வசூலித்தோம் என்று அதிகாரிகள் எண்ணிக்கை தருவார்கள். புகையிலை எதிர்ப்பு நாளான மே 31-ஐ ஒட்டி பஸ் ஸ்டாண்டில் ரெய்டு நடக்கும். நாலு பேர் சிக்குவார்கள். 200 ரூபாய் கட்டிவிட்டு ஸ்டாண்டுக்கு வெளியே போய் மறுபடியும் பற்றவைப்பார்கள். 2003-ல் நிர்ணயித்த அந்த 200 ரூபாய் இன்று ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டின் விலை.

விதிகளில் இதைவிடக் கூர்மையான ஆயுதம் உறையிலேயே கிடக்கிறது. பொது இடத்தின் உரிமையாளர், மேலாளர் அல்லது பொறுப்பாளர்தான் அங்கே புகைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட பலகை வைக்க வேண்டும். புகார் செய்ய வேண்டிய நபரின் பெயரையும் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப் போட வேண்டும். புகார் வந்தும் அவர் சும்மா இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றத்துக்கான அபராதத்தை அவரே கட்ட வேண்டும். அபராதம் விதிக்கும் அதிகாரம் போலீஸுக்கு மட்டும் உரியதில்லை. பள்ளித் தலைமையாசிரியர், நூலகர், ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர் என்று நீளமான பட்டியல் உண்டு. தலைமையாசிரியர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் ஆச்சரியப்படுவார்கள். பலகை பல இடங்களில் இருக்கிறது. புகாருக்கான பெயர் எழுதும் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

உரிமையாளரைப் பொறுப்பாக்கினால் என்ன நடக்கும் என்று பார்க்க அயர்லாந்துக்குப் போக வேண்டும். 2004 மார்ச் 29 முதல் பப்கள் உட்பட எல்லா வேலையிடங்களிலும் புகைக்கத் தடை விதித்த முதல் நாடு அது. பப்தான் அந்நாட்டின் டீக்கடை, திண்ணை, சீட்டாட்ட கிளப் எல்லாமே. அங்கே இது நடக்காது என்று உலகமே பந்தயம் கட்டியது. சுகாதார அமைச்சராக இருந்த மீஹோல் மார்ட்டின் பிறகு பிரதமரும் ஆனார். அவர் குடிப்பவரின் உரிமை, புகைப்பவரின் உரிமை என்ற பேச்சுக்கே போகவில்லை. பாரில் வேலை செய்யும் தொழிலாளியின் உடம்பு என்று ஒரே புள்ளியில் நின்றார். தடையை மீறினால் அபராதம் 3,000 யூரோ வரை. பப் நடத்துபவரும் அதற்குத் தப்ப முடியாது. டப்ளினில் 42 பப்களில் ஆய்வாளர்கள் காற்றை அளந்தார்கள். தடைக்குப் பின் நுண்துகள்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. புகைக்காத பார் ஊழியர்களின் மூச்சுத் திறன் கூடியிருந்தது. அதற்குப் போலீஸ் ரெய்டு எதுவும் தேவைப்படவில்லை. பார்க்காரர் தன் லைசென்ஸை நினைத்துக்கொண்டு, வாடிக்கையாளரை வாசலுக்கு அனுப்பினார்.

நம்மிடம் பாருக்கு என்ன நடக்கிறது? 2008 விதிகளின்படி பாரும் உணவகம்தான். டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் ஒரு சாயங்காலம் கால் வைத்துப் பார்த்தவருக்கு மேலே எதுவும் சொல்ல வேண்டாம். தகரக் கூரை, ஒன்றிரண்டு ஃபேன், கால்வைக்கும் இடமெல்லாம் சிகரெட் துண்டு. அதற்குள் இரவு பத்து மணிவரை சைட் டிஷ் தட்டோடு ஓடும் பையன்களுக்குப் பெரும்பாலும் சம்பளச் சீட்டுகூடக் கிடையாது, பிறகல்லவா நுரையீரல் பரிசோதனை! அந்தப் பாரை நடத்த அனுமதி தருவது அரசு நிறுவனம். தன்னிடம் உரிமம் வாங்கியவர் சட்டத்தை மீறுவதை அரசு பார்த்துக்கொண்டிருக்கிறது. தனியார் டீக்கடைக்காரரைக் கேட்க அதற்கு என்ன தார்மீகம்?

பெரிய ஹோட்டல்களுக்கு வேறு சலுகை. 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் தனிப் புகை அறை வைக்கலாம். நான்கு பக்கமும் முழுச் சுவர், தானாக மூடும் கதவு, புகையை வெளியேற்றும் கருவி வேண்டும். 2017 திருத்தத்துக்குப் பின் அங்கே எதையும் பரிமாறக் கூடாது. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றோட்டக் கருவிகளே பிழைப்பான ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கமே, உட்புறத்தில் புகைப்பதை நிறுத்துவது தவிர ஆபத்தை நீக்க வழியில்லை என்று 2005-ல் சொல்லிவிட்டது. இந்த அறைகளை ஒழிக்கவும், அபராதத்தை 2,000 ரூபாயாக்கவும், 21 வயதுக்குக் கீழ் விற்கத் தடை போடவும், சில்லறையாக ஒற்றைச் சிகரெட் விற்பதை நிறுத்தவும் 2020-ல் மத்திய அரசே ஒரு திருத்த வரைவு கொண்டுவந்தது. வரைவு வரைவாகவே கிடக்கிறது. கர்நாடகம் காத்திருக்காமல் தானே சட்டத்தைத் திருத்தி, வயதை 21 ஆகவும் அபராதத்தை 1,000 ரூபாயாகவும் உயர்த்திக்கொண்டது. ஹூக்கா பாரைத் தடுக்கத் திருத்தம் கொண்டுவந்த தமிழகம், டீக்கடைக்கும் டாஸ்மாக் பாருக்கும் அதே வேகத்தைக் காட்டவில்லை.

ஒற்றைச் சிகரெட் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் இரு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம். 2018-லிருந்து பழக்கத்தை விட உதவும் இலவச எண் 1800-11-2356. இதற்காக நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் சண்டை நடந்தது. பெட்டிக்கடையில் “ஒண்ணு குடுங்கண்ணே” என்று வாங்குபவர் அந்தப் பாக்கெட்டைக் கையால் தொடுவதே இல்லை. படமும் எண்ணும் கடைக்காரரின் ஜாடிக்குப் பின்னால் நிற்கின்றன. கல்லூரிப் பையன்கள் தொடங்குவதும் ஒற்றையில்தான். மகாராஷ்டிரம் 2020-ல் சில்லறை விற்பனையைத் தடுத்தது.

முக்கூடல் தட்டுகள்

சட்டத்தைக் கடுமையாக்குங்கள் என்றதும் வரும் மறுப்பு, பீடித் தொழிலாளி என்ன ஆவார் என்பது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டித் தூள் போட்டுச் சுற்றும் பெண்களை நினைத்தால் இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி இல்லை. நாட்டில் பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்களே ஏறக்குறைய 50 லட்சம் பேர். மகளின் கல்யாணச் சீரும் மகனின் டிப்ளமோ பீஸும் அந்தக் கட்டுகளிலிருந்துதான். ஆனால், அவர்களைக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பவர்கள் யாரும் அவர்கள் கூலிக்காகத் தெருவுக்கு வந்ததில்லை. வீட்டுக்குள்ளேயே புகையிலைத் தூளோடு காலம் கழிக்கும் அந்தப் பெண்களின் இருமலும் கண் எரிச்சலும் யாருடைய மனுவிலும் இல்லை. டீக்கடை வாசலில் புகைக்கத் தடை வந்ததால் ஒரு பீடித் தட்டு கவிழ்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வருமானம் குறைய வேண்டுமானால் அதற்குப் பல வருடங்கள் ஆகும். மாற்றுத் தொழிலுக்குப் பயிற்சியும் பணமும் ஒதுக்க அந்தக் காலம் தாராளமாகப் போதும்.

இதில் அரசின் கை இரண்டு பக்கமும் இழுக்கிறது. 2025 செப்டம்பரில் சிகரெட்டை 40 சதவீத வரி அடுக்கில் வைக்க முடிவு செய்த ஜி.எஸ்.டி. மன்றம், அதே கூட்டத்தில் பீடியை 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறக்கியது. இந்தியாவில் சிகரெட் பிடிப்பவர்களைவிட பீடி பிடிப்பவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு; அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். வரிச்சலுகை கூலியாக மாறித் தட்டுக்காரப் பெண்ணிடம் வந்து சேரும் என்று எந்த உத்தரவிலும் இல்லை. நாட்டின் மிகப்பெரிய சிகரெட் கம்பெனியில் எல்.ஐ.சி.க்குச் சுமார் 15 சதவீதப் பங்கு இருப்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆயுளைக் குறைக்கும் தொழிலில்!

பத்து ரூபாய் மனு

அரசு தானாக அசையாத இடத்தில் அதை அசைக்க ஒரு வழியை சண்டிகர் காட்டியது. 2007-ல் நாட்டின் முதல் புகையில்லா நகரம் என்று அறிவிக்கப்பட்ட ஊர் அது. ஹேமந்த் கோஸ்வாமியின் ‘பர்னிங் பிரெயின் சொசைட்டி’ என்ற அமைப்பு ஊர்வலத்தைவிடத் தகவல் உரிமைச் சட்டத்தை நம்பியது. உங்கள் அலுவலகத்தில் பலகை இருக்கிறதா, பொறுப்பாளர் யார், எத்தனை பேர் மேல் நடவடிக்கை என்று துறை துறையாக மனு போட்டார்கள். பதில் எழுத வேண்டும் என்பதற்காகவே அதிகாரிகள் பலகை மாட்டினார்கள். மாட்டியபின் அதை மதிக்கவும் வேண்டி வந்தது.

நம் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் டீக்கடைக்கும் உணவகத்துக்கும் தொழில் உரிமம் தருகின்றன. உணவுப் பாதுகாப்புத் துறை பதிவுச் சான்று தருகிறது. உரிமம் புதுப்பிக்க வரும்போது, வாசலில் பலகை, தொங்கும் லைட்டர் கூடாது, மீறினால் உரிமம் ரத்து என்று மூன்று நிபந்தனை சேர்க்கச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. ஆணையர் கையெழுத்து போதும். கடைக்காரருக்கும் அது ஒரு வகையில் நிம்மதி. “அண்ணே, தப்பா நினைக்காதீங்க, லைசென்ஸ் போயிடும், கொஞ்சம் தள்ளிப் போய்ப் புடிங்க” என்று அவர் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும். இப்போது அவர் தன் சொந்த விருப்பமாகச் சொன்னால் கஸ்டமர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். எல்லாக் கடைக்கும் ஒரே நிபந்தனை என்றால் போவதற்கு எதிர்க் கடை இல்லை.

உங்கள் ஊரில் இது நடக்க வேண்டும் என்றால் ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய்க் கட்டணமும் போதும். நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டே கேள்வி. 2008 விதிகளின் கீழ் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை உரிமையாளர்கள் மேல், புகைத்தவர்கள் மேல் அல்ல, உரிமையாளர்கள் மேல், அபராதம் விதித்தீர்கள்? உங்கள் அலுவலகப் பலகையில் புகாருக்கு எழுதியிருக்கும் பெயர் யாருடையது? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.